இலை உதிரும் மாதத்து எலுமிச்சை

இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் பால்வெட்டுக்கு வந்தபின் முதன்முறையாக இலை உதிர்த்தபோது பாலும் குறைந்தது. பால்வெட்டும் விதவை முத்தம்மாதான் செய்வினை வைத்தாள் என்று தொழிலாளர் குடியிருந்த லயமே கொதித்தது.

"தளிர் விட்டா பால் தானா வரும்பா. களுத்துறைத் தோட்டத்துல நான் பாத்திருக்கேன்" என்றேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான என் பேச்சை யார் கேட்டார்கள்? அவளை அடித்து விரட்டக் கிளம்பினார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாய்க்கு வந்ததை முணுமுணுத்து, மரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வெட்டினேன். "வினை அறுந்திருச்சு. அவ மேல கை வைக்காதீங்க!"

அடங்கினார்கள். தளிரோடு பாலும் வந்தது.

அடுத்த ஆண்டு இலை உதிரத் தொடங்கிய காலையில், எலுமிச்சம்பழத்தோடு என் வாசலில் முதலில் வந்து நின்றவள் முத்தம்மா.

"இந்த வருசம் எவ வச்சாளோ, சாமி. வெட்டுங்க."

அவளைக் காப்பாற்றியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.