பின்வாங்கிய வேலி

எனக்கு அந்தக் காலத்தில் மூக்கின் மேல் கோபம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நில அளவையாளனாக வெயிலில் நின்று நான் ஏசிய ஏச்சுகளில் பாதியாவது வீணானவை. அவற்றில் ஒன்றுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

துப்பாக்கிகள் கொஞ்சம் ஓய்ந்திருந்த சமாதான காலம் அது. தீவுப் பக்கம் ஒரு புதிய பல்கலைக்கழகம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. நாரந்தனையில் பனையும் நாகதாளியும் பற்றையுமாய்க் கிடந்த ஒரு அரச காணியை அளந்து, படம் வரைந்து அனுப்பும்படி அளவைக் கந்தோரில் எனக்குச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்துக்கு அந்த இடம் போதுமா என்று பார்க்கிற முதல் அளவை மட்டும்தான்.

நானும் எனக்கு உதவியாக அளவுச் சங்கிலி பிடிக்கும் அண்ணையும் ஒவ்வொரு காலையும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி, வேலணை தாண்டிப் போவோம். அளவைக் கருவியின் முக்காலியைக் கண்டாலே கடற்படைச் சாவடியில் நிற்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் அவரையே கருவிக்குள் பார்க்கவிட்டேன். பழைய கருவி என்பதால் தூரத்தில் மேய்ந்த மாடு அதற்குள் தலைகீழாகத் தெரிந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு எங்களை மறிப்பதில்லை.

காணியின் தெற்கு எல்லையில் இரண்டு வளவுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று ஒரு அக்காவுடையது. அவருடைய கணவர் சண்டைக் காலத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஒரே மகள் கரம்பொன்னில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். மற்ற வளவு, நாட்டின் தெற்கே கடை வைத்திருந்து, கலவரத்தில் கடையை இழந்து, ஊரோடு வந்துவிட்ட ஒரு பெரியவருடையது. கடை போய் எத்தனையோ காலமாகியும் ஊரார் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த இருவருக்கும் நடுவில் ஓடிய வேலியில் ஒரு முழம் யாருக்கு என்ற சண்டை. பதினைந்து வருடமாக முகம் பார்த்துப் பேசியதில்லை.

முதல் நாளே அக்கா எங்களுக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்தார். கருவியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"உண்மையாய் வருமோ தம்பி?" என்று கேட்டார்.

"எனக்கு அளக்கத்தான் தெரியும் அக்கா."

"வந்தால் நல்லது. இவள் கெட்டிக்காரி, கட்டாயம் கம்பசுக்கு எடுபடுவாள். ஆனால் எந்த ஊரிலை இடம் குடுப்பினமோ, தூர இடத்துக்கு விட எனக்கு ஏலாது. இவளின்ரை அப்பாவும் போட்டு வாறன் எண்டுதான் போனவர். உதிலை வந்துதெண்டால் மத்தியானம் நானே சோறு கொண்டுபோய்க் குடுப்பன்."

வேலிக்கு அப்பால் கிடந்த பற்றைக்காட்டை அவர் பார்த்த விதத்தில், அங்கே கட்டடம் ஏற்கெனவே எழும்பி, மணியும் அடித்துவிட்டது போலிருந்தது.

காணி கேட்ட அளவுக்கு வரவில்லை. நல்ல துண்டு விழுந்தது. அதை நான் அண்ணையிடம் மட்டும்தான் சொன்னேன். அண்ணை தேத்தண்ணிக் கடையில் மட்டும்தான் சொன்னார். அடுத்த நாள் ஊர் முழுக்க "இடம் காணாதாம், பல்கலைக்கழகம் வேறை பக்கம் போகப்போகுதாம்" என்று ஒரே கதை.

நாலைந்து நாள் கழித்துத் தெற்கு எல்லையைச் சரிபார்க்கப் போனோம். அளந்ததை மறுபடி ஒருமுறை அளப்பது என் வழக்கம். நாங்கள் அடித்த முளையிலிருந்து, அரச காணிப் பக்கம் இருந்த அக்காவின் வேலிக்கு முன்பு இருந்த தூரத்தைவிட ஆறடி கூடுதலாக வந்தது. முதலாளியின் வேலிக்கு எட்டடி கூடுதல். எனக்குத் தலைக்கேறிவிட்டது. சங்கிலியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதா, கண் எங்கே, கவனம் எங்கே என்று அண்ணையைக் கண்டபடி ஏசினேன். அவர் சங்கிலியைச் சுருட்டி முடித்தார். பிறகு மெதுவாக, "இருபத்தைஞ்சு வரியமாய்ச் சங்கிலி பிடிக்கிறன் சேர். அடி பிசகலாம். ஆறடி பிசகாது" என்றார்.

சொல்லிவிட்டு வேலிப் பக்கம் நடந்தவர் தடக்கி விழுந்தார். காலில் இடறியது ஒரு கிளுவை மரத்தின் அடிக்கட்டை. மேலே மண் போட்டு, சருகு பரப்பி மறைத்திருந்தார்கள். பக்கத்தில் இன்னொன்று. வரிசையாகப் பழைய வேலியின் அடிக்கட்டைகள்! புதிதாய் நட்ட வேலிக் கம்புகள், அந்தக் கதியால்கள், ஆறடி உள்ளே நின்றன. வெட்டிய இடத்தில் பால் காயவில்லை. முதல் மழைக்கு நிலம் இளகியிருந்தது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

இந்த ஊர்களில் வேலி நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வருடாவருடம் அடைக்கும்போது கதியால் ஒரு விரற்கடை அடுத்தவன் பக்கம் போகும். அதற்காகத் தலைமுறைக் கணக்கில் வழக்காடுவார்கள். தன் வளவுக்குள்ளேயே பின்வாங்கிய வேலியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"விடிய எழும்பி நானும் பிள்ளையுமாய்த்தான் நட்டனாங்கள். இடம் காணாதெண்டு சொன்னவையல்லோ?"

"காணி உறுதியிலை உள்ளதைத்தான் அக்கா நான் வரையலாம். இப்பிடிச் செய்யப்படாது."

"ஆரின்ரையும் காணியைக் கூட்டி அடைச்சால்தானே தம்பி களவு? நான் என்ரையைத்தானே விட்டனான்?"

அந்த நேரம் பார்த்து முதலாளி தன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, எனக்குச் சொல்வதுபோல அக்காவுக்குக் கேட்கும்படி, "தம்பி, நீர் வடிவாய் எழுதிக்கொள்ளும். என்ரை பக்கம் எட்டடி" என்றார்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. அவருக்கு அதுவரை எட்டடி விசயம் தெரியாது. "பிள்ளை, கதியால் கிளப்ப அந்த அலவாங்கை எடு" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அவரைத் தடுத்து நிறுத்த எனக்கும் அண்ணைக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. விட்டிருந்தால் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வேலியைக் குசினிச் சுவர் வரைக்கும் தள்ளியிருப்பார்கள்.

அவர்கள் விட்டுத்தந்த நிலத்தில் பல்கலைக்கழகத்தின் சைக்கிள் கொட்டில்கூட அடங்காது. துண்டு விழுந்தது ஏக்கர் கணக்கில். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, தேவைப்பட்டால் இந்த நிலத்தை மனமுவந்து தருகிறோம் என்று ஒரு கடிதம் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். பதினைந்து வருடத்தில் இருவரும் ஒரே கடதாசியில் கைவைத்தது அன்றுதான். பேனையை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நான்தான் மாற்றிக் கொடுக்கவேண்டியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் கடையிலை வாயைத் திறந்திருக்காட்டி ஒண்டும் நடந்திராது சேர்" என்று அவர் பெருந்தன்மையாகப் பாதிப் பழியை எடுத்துக்கொண்டார்.

படத்தில் உறுதிப்படி எல்லையை அழுத்தமான கோடாகவும், அவர்கள் விட்ட எல்லையைப் புள்ளிக் கோடாகவும் வரைந்தேன். இது என்ன என்று மேலதிகாரி கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, நல்லவேளை, அழிக்காமல் விட்டார். படமும் கடிதமும் கொழும்புக்குப் போயின. பிறகு சண்டை திரும்ப வந்தது, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டப்பட்டது, அந்தக் கடிதக் கோவையைப் பற்றி யாரும் பேசவில்லை.

போர் முடிந்த வருடம் வேறு ஒரு அளவைக்காக நாரந்தனைக்குப் போனேன். காணி அப்படியே பற்றையாகக் கிடந்தது. ஆனால் தெற்கு எல்லையில் கிளுவை இரண்டாள் உயரத்துக்குக் கிளைவிட்டு நின்றது. வேலி நகர்ந்த அதே இடத்தில்தான் இன்னும் நின்றது. விட்ட நிலத்தால் ஊரார் நடந்து நடந்து ஒரு ஒற்றையடி ஒழுங்கை உண்டாகியிருந்தது.

அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலை நரைத்திருந்தது. முதலாளி போன வருடம் காலமாகிவிட்டார் என்றார். மகள் மட்டக்களப்புக்குப் போய்ப் படித்து முடித்து, அங்கேயே படிப்பிக்கிறாளாம்.

"தூர விட ஏலாது எண்டனீங்கள்?"

"ஓம். விட்டனான்தான். பாதை பூட்டின வரியம் எட்டு மாதம் அவளின்ரை குரலே கேக்கேல்லை." அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார்.

அந்தப் படத்தை இன்னும் நன்றாக, இன்னும் அழுத்தமாக வரைந்திருக்கலாமோ என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அதனால் ஒன்றும் ஆகியிராது என்று எனக்கே தெரியும்.

"வேலியைப் பழைய இடத்திலை அடைக்கலாமே அக்கா. இனிப் பல்கலைக்கழகம் வந்தாலும் உங்கடை பிள்ளைக்கு உதவாது."

அவர் என்னை, அளவு தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஊரிலை வேறை பிள்ளையள் இல்லையே?"