கவிழ்ந்த நத்தை

குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற கள்ளக்குறிச்சியில் என் தம்பிக்கு ஒரு கடல் வேண்டியிருந்தது. துபாயில் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிக்கிற வேலை பார்த்தவன். ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தான். கட்டிலை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத்தூளைக் கரைத்து ஊற்றி, பவளமும் மீனும் விட்டோம். அவன் சொல்வான், நான் செய்வேன், நடுவில் சண்டையும் போடுவோம்.

கொஞ்ச நாளில் மணல் பழுப்படித்தது. மணலைச் சுத்தம் செய்ய நத்தை வாங்க வேண்டும் என்றான். சென்னைக் கடைக்காரர் போனில் படங்கள் அனுப்பினார். கோபுரம் மாதிரி ஓடு வைத்த ஒன்றை நான் ஆசையாகக் காட்டினேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான்.

"அது கண்ணாடியில தான் மேயும், மணலுக்கு ஆவாது. கவுந்துட்டா தானா திரும்பவும் தெரியாதுக்கா. ஒருத்தர் கையி வேணும்."

மணலுக்குள் புதைந்துகிடந்து, தீனி வாசம் பட்டதும் மேலே வருகிற சின்ன நத்தைகளைத்தான் அனுப்பச் சொல்லி எழுதச் சொன்னான். பார்சல் வந்தது. பாழாய்ப்போன கடைக்காரர் கோபுர நத்தை ஒன்றையும் சேர்த்துப் போட்டிருந்தார். திருப்பி அனுப்பலாம் என்றேன். வழியிலேயே செத்துப்போகும், கிடக்கட்டும் என்றான். அது கவிழும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவான்.

அவனையும் நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வலி தெரியாத உடம்பு, ஒரே பக்கம் கிடந்தால் புண் வைத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. அவனுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயமாகத் திருக்கோவிலூர் போயிருந்தேன். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. திரும்பும் வழியில் தியாகதுருகம் தாண்டியதும் சாலை மறியல், பஸ் நின்றுவிட்டது. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் தம்பியோடு படித்தவர்கள். அவனை விசாரித்தார்கள், எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், வழி மட்டும் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, அவனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு, சோறு ஊட்டியாயிற்று, வேறு எதுவும் வேண்டாம் என்கிறான் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேற்கே கல்வராயன் மலை இருட்டிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். காலையில் விட்டுப்போன அதே பக்கத்தில் கிடந்தான். விரிப்பு நனைந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன், இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. தொட்டியில் அந்தக் கோபுர நத்தை நிமிர்ந்து ஊர்ந்துகொண்டிருந்தது. சோறு ஊட்ட வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் அதைத் திருப்பி விடச் சொன்னானாம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நத்தையத் திருப்பச் சொன்ன வாயால உன்னையும் திருப்பச் சொன்னா இன்னாடா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "துணி நனைஞ்சி கெடந்துச்சிக்கா. நத்தைக்கு வெக்கம் கெடையாது. எனக்கு இருக்குதே."

அந்தச் சிவப்பு புண்ணாயிற்று, ஆறவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவனைக் கொண்டுபோய்விட்டது.

தொட்டியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அந்த நத்தை இருக்கிறவரை எப்படி எடுப்பது? இன்று காலையும் கவிழ்ந்து கிடந்தது. கையை விட்டுத் திருப்பி வைத்தேன். அவனும் கேட்டிருக்கலாமே, பாவி.