கடைசி பஸ் உள்ளவர்கள் முதலில் பேசிய கூட்டம்

ஏ9 வீதியில் பஸ்ஸில் போவது பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை அதற்கொரு சாட்டுக் கிடைத்தது. கிளிநொச்சியில் நடக்கும் ஒரு கூட்டத்தைப் படமெடுத்துத் தரும்படி நண்பர் ஒருவர் கேட்டார். மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இனி அமையும் சபையில் ஊர்மட்டப் பிரதேச சபைகளின் உறுப்பினர்களில் சிலரையும் இருத்தலாமா என்று வன்னி உறுப்பினர்கள் கூடிப் பேசி, வாக்கெடுக்கப் போகிறார்கள். நான் அரசியல் எழுதுகிற ஆளில்லை. மத்தியானச் சாப்பாடு உண்டு என்றார், போனேன்.

வவுனியாவில் காலை 6.50 பஸ். கிளிநொச்சிக்கு ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர், டிக்கெட் 310 ரூபா. இடப்பக்கச் சீற் பிடியுங்கள், வெயில் அடிக்காது. 7.35க்குப் புளியங்குளத்தில் ஒரு பெண் ஏறிப் பக்கத்தில் அமர்ந்தார். மடியில் கடிதங்கள் பிதுங்கும் பைல். பெயர் சந்திரா, பிரதேச சபை உறுப்பினர், அதே கூட்டத்துக்குத்தான் வருகிறார். மலையகத்திலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர் அவருடையது. ஐந்தரைக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்.

“எங்கட மதகு இடிஞ்சு நாலு மாரி போட்டுது தம்பி. தண்ணி வந்தா அம்புலன்ஸ் அங்காலயே நிண்டிடும். போன மாரி ஒரு பிள்ளைத்தாச்சியை உழவு மிசின்ல ஏத்திக் கொண்டுவந்தனாங்கள்.”

“உங்கட சபையால கட்டேலாதோ அக்கா?”

“றோட்டு மாகாணத்தின்ர. நாங்கள் தொடேலாது. நான் கடிதம் எழுதுவன், அவையும் பதில் எழுதுவினம். அந்த மேசையில எங்களில ஒராள் இருந்தா ஏன் கடிதம்?”

8.55க்கு இறங்கினோம். பஸ் நிலையத்துக்கு எதிரே இடியப்பமும் சொதியும் 200 ரூபா, சம்பல் நல்ல உறைப்பு. பத்து மணிக் கூட்டத்துக்கு 10.50க்கு விளக்கேற்றினார்கள். பிறகு வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, இன்னும் இரண்டு பொன்னாடை. நாற்பது உறுப்பினர்கள் வாய் திறக்காமலே மத்தியானம் ஆகிவிட்டது. கோழிக்கறியைக் குறைசொல்ல மாட்டேன்.

1.45க்கு விவாதம் தொடங்கியது. முதலில் எழுந்த ஐயா, இங்குள்ள வேலையே முடியாதிருக்க மாகாணத்துக்கும் போனால் இரண்டும் பாழ் என்றார். நியாயமான பேச்சுத்தான், ஆனால் இருபது நிமிடம். சந்திரா அக்காவின் பெயர் பட்டியலில் பத்தொன்பதாவது. ஊருக்குள் போகும் கடைசி பஸ் புளியங்குளத்தில் 4.30க்கு. அதைப் பிடிக்க அவர் இங்கிருந்து 2.45க்காவது ஏற வேண்டும். அடுத்தவரைக் கூப்பிடுமுன் அவர் எழுந்துவிட்டார்.

“ஐயா, கடைசி பஸ் இருக்கிற ஆக்கள் முதல் கதைக்கிறம். வாகனத்தில வந்த ஆக்கள் ஆறுதலாக் கதைக்கலாம்.”

சிலர் சிரித்தார்கள். தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், சிரிக்கவில்லை. அப்படி எத்தனை பேர் என்று கேட்டார். ஒன்பது கைகள். ஏழு பெண்களுடையவை. பட்டியலை அந்த இடத்திலேயே மாற்றினார்.

அக்கா நான்கு நிமிடம் பேசினார். மதகைப் பற்றிச் சொன்னார். பிறகு, “எங்களை மாகாணத்தில இருத்துங்கோ. ஆனா கூட்டத்தைப் பின்னேரம் வையாதேங்கோ. வச்சா அங்கயும் கார் உள்ள ஆக்கள்தான் இருப்பினம்” என்று முடித்தார். நான் படம் எடுக்க மறந்து கைதட்டினேன்.

2.45 பஸ்ஸில் நானும் அவருடன் ஏறினேன். புளியங்குளத்தில் 4.05க்கு இறங்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தலைவரிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. அக்கா கேட்டுவிட்டு, “ஓம் ஐயா, விளங்குது” என்று வைத்தார். வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு பதினேழு. மிச்சம் ஒன்பது பேரும் அந்நேரம் பஸ்ஸில்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

“பிழை என்னிலதான் தம்பி. கதைக்கிறதை மட்டும் முதல் கேட்டனான். கை தூக்கிறதையும் கேட்டிருக்கோணும். ரண்டாம் கூட்டம் வைக்கச் சொல்லி இண்டைக்கே எழுதுறன்.”

அவர் ஊர்க் குளத்துக்குப் பறவை பார்க்கப் போக விரும்புகிறவர்களுக்கு: புளியங்குளத்திலிருந்து பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், வழியில் கடையில்லை. மழை பிடித்தால் மதகைத் தாண்ட முடியாது, ஆகவே கார்த்திகை, மார்கழியில் போக வேண்டாம். நாம் போகாமல் இருந்துவிடலாம். இந்த மார்கழியில் அங்கே இரண்டு பேருக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது என்று அக்கா பஸ் ஏறும்போது சொன்னார்.