இடது பக்கம் இழுத்த லாரியும் போகாத பயமும்

பிரேக்கில் கால் வைத்தால் போதும், என் லாரி இடது பக்கம் ஓடும். இந்த ஆடி மாதம் முழுவதும் அந்தப் பயத்தோடுதான் நான் ஸ்டியரிங் பிடித்தேன்.

என் பெயர் அமல்ராஜ். எரியோடு பக்கம் ஒரு கிராமம். சொந்தமாகச் சின்ன லாரி ஓட்டுகிறேன். அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றுவேன், திண்டுக்கல்லுக்குத் தக்காளி, முருங்கைக்காய் கொண்டுபோவேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஆடுகளோடு சந்தைக்குள் நுழைந்தபோது, முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது. நானும் மிதித்தேன். ஸ்டியரிங் என் கையைத் திருகிக்கொண்டு திரும்பியது. லாரி இடது ஓரத்துக்குப் பாய்ந்தது. அங்கே ஒரு பெண் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்பர் அவர் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. குட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் கமால் பாய்தான் என் வண்டியை எப்போதும் பார்ப்பவர். டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் போல்ட்டுகளை முடுக்கினார். "இடது பக்கம் இழுக்குதுன்னா அந்தப் பக்கம் பிரேக்கு ஜாஸ்தியா கவ்வுது அமலு" என்று சொல்லி, இடது சக்கரத்தைக் கழற்றிப் புது பிரேக் லைனிங் போட்டார். காலி வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நேராக நின்றது. லோடு ஏற்றிக் குஜிலியம்பாறை ரோட்டில் போனபோது மறுபடியும் இழுத்தது. திரும்பவும் போனேன். திரும்பவும் இடது சக்கரத்தையே கழற்றினோம். ஒன்றும் அகப்படவில்லை.

இதற்குள் ஆவணி வந்துவிட்டது. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் பின்னால் வருடா வருடம் என் லாரிதான் போகும். சமையல் பாத்திரம், தண்ணீர், நடக்க முடியாமல் போகிறவர்கள் எல்லாம் அதில்தான். மக்கள் ரோட்டின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். என் வண்டியும் இடது பக்கம்தான் இழுக்கிறது.

நடைப்பயணத்தை நடத்தும் லூர்து அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நடக்குற வேகத்துலதானப்பா வரப் போற. அதுக்குப் போயி இம்புட்டு யோசனையா? மாதா பாத்துக்கிருவா."

என் விசுவாசம்தான் குறைவோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை கோயிலில் போய் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துப்போடும். நாளைக்கு நான் வண்டி எடுக்க வேண்டும்" என்று அழுது செபித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் பயம் போகவில்லை. இன்னும் கூடியது.

காலையில் பூசை முடிந்தது. லாரிக்கு மாலை போட்டிருந்தார்கள். பாத்திரமெல்லாம் ஏற்றியாகிவிட்டது. பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். நான் ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தேன். திருப்ப முடியவில்லை. முன்னால் சிறு பிள்ளைகள் கொடி பிடித்து நின்றார்கள். இறங்கிவிட்டேன்.

"வண்டி வராதுண்ணே" என்றேன்.

லூர்து அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "கடைசி நேரத்துல கழுத்தறுக்குறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பாத்திரத்தை இறக்கி ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் தலை குனிந்து நின்றேன். ஆண்டவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடத் தரவில்லையே என்று இருந்தது.

என் மனைவி ரோசலி பக்கத்தில் வந்தாள். "இங்கன நின்னு என்ன செய்ய? வாங்க, பாய்கிட்டப் போவோம். நானும் வாரேன்" என்றாள். மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம்.

அன்று கமால் பாய் முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். ரோசலி மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். பாய் இடது சக்கரத்தைச் சுற்றினார். உடனே பிடித்தது. வலது சக்கரத்தை நான் சுற்றினேன். அவள் மிதித்துக்கொண்டே இருக்கிறாள், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"யா அல்லா, கோளாறு இந்தப் பக்கம்ல இருக்கு!" என்றார் பாய். வலது பிரேக் பிடிக்காததால்தான் இடது பக்கம் இழுத்திருக்கிறது. நாங்கள் நல்ல சக்கரத்தையே திரும்பத் திரும்பக் கழற்றியிருக்கிறோம்.

வலது சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி ஊதினார். காற்றுப் போகவில்லை. கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே ரப்பர் வீங்கி வழியை அடைத்திருந்தது. குழாயின் மேல் நுனியை வளைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெடித்திருந்தது. குழாயைச் சுற்றியிருந்த ஸ்பிரிங் கம்பி மறைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி அழுத்தி மிதிச்சிருந்தா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். முன்னாடி பிரேக்கே இருந்திருக்காது. நல்ல நேரத்துலப்பா வண்டிய நிப்பாட்டுன!"

நடைப்பயண வழியில் அய்யலூர் தாண்டி வரும் இறக்கம் என் கண்முன் வந்தது. லோடு வண்டி. முன்னால் கொடி பிடித்த பிள்ளைகள். நான் பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ரோசலி என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் புதுக் குழாய் மாட்டினார். லோடு வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்கிலிருந்து கையை விட்டு மிதித்தாலும் நேராக நின்றது. மறுநாள் காலையில் அந்த இறக்கத்துக்குக் கீழே நடைப்பயணத்தைப் பிடித்தேன். லூர்து அண்ணன் முகம் கொடுக்கவில்லை. கீறிய குழாயை அவர் கையில் கொடுத்து, பாய் சொன்னதைச் சொன்னேன். அவர் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒன் வண்டிக்கு முன்னாடிதான் எம் பேத்தி நடந்திருப்பாப்பா" என்றார்.

சகோதர சகோதரிகளே, நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. தந்திருந்தால் நான் தைரியமாகச் சாவியைத் திருப்பியிருப்பேன். இப்போதும் எனக்குப் பயம் வருகிறது. அந்தச் சந்தைப் பெண்ணின் முகம் இன்னும் கனவில் வருகிறது. ஆனால் இப்போதெல்லாம் பயத்தை எடுத்துவிடும் என்று நான் கேட்பதில்லை. எதைப் பார்க்கச் சொல்கிறீர், காட்டும் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். எத்தனை செபித்தும் மனம் அடங்கவில்லையே என்று தவிக்கிறவர்கள் உங்களில் இருக்கலாம். அவர் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். நான் திட்டிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.