பித்தப்பைக் கல் என்று சொன்னேன்

என் கால் எங்கே இருக்கிறது என்று தெரிய நான் குனிந்து பார்க்க வேண்டும். கணுக்காலுக்குக் கீழே தரை சூடா குளிரா, ஈரமா காய்ந்ததா, செருப்பு மாட்டியிருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். திட்டுவதற்கு ஓர் ஆள் தேடித் தேடிப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, சாயங்காலம் முடிச்சூருக்கு ஷேர் ஆட்டோ. பின் சீட்டில் நாலு பேரைத் திணிப்பது அந்த ரூட்டின் எழுதாத சட்டம். நான் ஏறினால் மூன்று பேரோடு சரி. டிரைவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஹாரனை மட்டும் தேவையில்லாமல் ரெண்டு தடவை அழுத்துவார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், சர்க்கரை விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. கேளம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் என்று முடிவானது. வயிற்றைச் சின்னதாக்கி, குடலைக் கொஞ்சம் தாண்டி இணைத்துவிடுவார்கள்.

ஆபரேஷன் எனக்குப் பயமில்லை. கீழ் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பயம். கீழ் வீட்டில் என் நாத்தனார் குடும்பம், மேலே நாங்கள். என் மாமனார் காலத்து நெல் வயல் பிளாட்டாகிப் போனபோது ஒரு மனை மட்டும் விற்காமல் நிறுத்தி, அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்துக் கட்டிய வீடு. ரெண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் கீழ் வீட்டு பீரோ வரைக்கும் தண்ணீர் வந்துபோனதால், அப்புறம் தரையை உசத்திக் கட்டினார்கள். வாசலில் ஆறு படி ஏறவேண்டும்.

அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நல்ல மனுஷி, ஆனால் வாய்க்காரி. அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் குளிப்பதற்குள் மூன்று தெரு தாண்டிவிடும். “சோத்தைக் கொறைக்க முடியாம வயித்த அறுத்துக்கினாம்மா” என்று அவர் யாரிடமோ சொல்வது போல என் மண்டைக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தியமாக அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. நானே எழுதி, நானே அவர் வாயில் வைத்த வசனம்.

அதனால் பித்தப்பையில் கல் என்று அள்ளிவிட்டேன். அதற்கும் இதற்கும் வயிற்றில் அதே மாதிரி சின்னச் சின்னத் துளைதான் போடுவார்கள் என்று தெரிந்துகொண்டு சொன்ன பொய். நான் கெட்டிக்காரியாம். என் கணவரிடம், “உங்க அக்கா காதுக்குப் போச்சு, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று சத்தியம் வாங்கினேன். அவரும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் பெண் ஒரு காகிதம் கொடுத்தாள். காலையில் சத்து மாத்திரை, பகலில் இரும்பு, அதிலிருந்து ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் கால்சியம், இரும்பு மாத்திரையோடு டீ கூடாது, மாசம் ஒரு பி12 ஊசி, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. “இந்த வயிறு இனிமே சத்தைத் தானா எடுத்துக்காது மேடம். நீங்கதான் கொடுக்கணும். விட்டீங்கன்னா நரம்புல கை வெச்சிடும்” என்று சொல்லி, ‘வாழ்நாள் முழுக்க’ என்ற வார்த்தைக்குக் கீழே பேனாவால் ரெண்டு கோடு போட்டாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

முதல் வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தேன். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் மாவு கடன் கேட்டு மேலே வந்த அண்ணி அதைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, மருந்துக் கடையே வெச்சிக்கினு கீற?” என்று சிரித்தார். முடி கொட்டுகிறது, அதற்கு என்றேன். அன்றைக்கே பாட்டிலை ஹேண்ட்பேகுக்கு மாற்றினேன். ஹேண்ட்பேகை மாற்றிய நாளில் மாத்திரை கிடையாது. ஊசி இன்னும் பேஜார். எங்கள் தெரு கிளினிக்கில் போட்டால் நர்ஸ் அண்ணிக்குத் தோழி. தாம்பரம் போய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சை சீசனில் ஒரு மாசம் தவறியது, அப்புறம் ரெண்டு மாசம். ஒன்றும் ஆகவில்லையே! நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மெசேஜை மியூட்டில் போட்டேன்.

நன்றாக என்றால் எப்படி நன்றாக! நாற்பத்தைந்து கிலோ குறைந்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக என்னை உட்கார வைத்த அன்றைக்கு, இறங்கி வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி எப்படி என்று கேட்டார்கள். வாக்கிங் என்றேன். ஏரிக்கரையில் ரெண்டு ரவுண்டு, அரிசியைக் குறைத்தேன், அவ்வளவுதான் என்று பீத்திக்கொண்டேன். பொய்யை நிரூபிக்க வேண்டுமே, தினம் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மறு வாரமே நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் எட்டுப் பேர். “அக்கா வந்துட்டாங்களா” என்று எனக்காகக் காத்திருப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பொய்யாக ஆரம்பித்த அந்த நடை எனக்குப் பிடித்துப்போனது. முப்பது வருஷமாக உடம்பைச் சுமையாகத் தூக்கித் திரிந்தவள் நான். கால் தரையைத் தள்ளுகிறது, உடம்பு முன்னால் போகிறது, இதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. கரையில் ஒரு இடத்தில் சரளைக்கல் முடிந்து மண் ஆரம்பிக்கும். அங்கே மட்டும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பேன். பனி ஊறிய மண், விரல் இடுக்கில் ஏறும். தலைகால் புரியாத சந்தோஷம். அப்போதெல்லாம் மாத்திரை நினைவே வராது.

ரெண்டு வருஷத்துக்கு முன் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. அப்புறம் எறும்பும் போய் மரத்துப்போனது. ஷூ கடிக்கிறது என்று செருப்புக்கு மாறினேன். ஒரு காலையில் பின்னால் வந்த பெண் கத்தினாள்: “அக்கா! ஒரு செருப்பு எங்க?” குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. திரும்பிப் பார்த்தால் நூறு அடிக்கு அப்பால் அது தனியாகக் கிடந்தது. கண்ணாடிச் சில்லு கிழித்து ரத்தம் வேறு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டயட்டீஷியன் சொன்னது அந்த இடத்திலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வரவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது இன்னொரு பொய்.

கணவருக்கு அன்றைக்குச் சிறுசேரி ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. “அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போ” என்றார். எங்கள் வீட்டில் யாரும் டாக்டரிடம் தனியாகப் போவதில்லை, கூட வந்தவர் வெளியே உட்காருவதும் இல்லை. உள்ளே வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நோயாளி சொல்ல மறந்ததை எடுத்துக்கொடுப்பார். டாக்டர் சர்க்கரை கேட்டார், முதுகு வலி கேட்டார், சைவமா என்று கேட்டார். மீன், கறி எல்லாம் உண்டு என்றோம்.

“இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?”

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் பக்கத்திலிருந்து அண்ணி, “பித்தப்பைல கல்லு கீதுன்னு எடுத்தாங்க சார். அது ஆவுது நாலஞ்சு வருஷம்” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டலுக்கு எட்டு மாசம் போனது. முதுகு எலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்றார்கள். என் வயதில் யாருக்குத்தான் விலகாமல் இருக்கும்! பெல்ட் போட்டேன், பிசியோதெரபி போனேன், கரன்ட் வைத்தார்கள். மறுநாளே தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் செய்திருக்கலாம். “டாக்டர்கிட்ட எல்லாம் சொன்னியா?” என்று கணவர் கேட்டபோது, “சொல்லாம இருப்பேனா” என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். முதுகாகவே இருந்துவிடட்டும் என்று சாமியை வேறு வேண்டிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!

சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாத நாள் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா பரிசோதிக்க வேண்டும் என்று அண்ணியை ரெண்டு நிமிஷம் வெளியே இருக்கச் சொன்னார். என்னை நிற்க வைத்து, “கண்ணை மூடுங்க” என்றார். மூடினேன். அடுத்த நொடி அவர் தோள்மேல் சாய்ந்து கிடந்தேன். கண்ணால் பார்த்துத்தான் நீங்கள் நிற்கிறீர்கள், காலுக்குத் தரை தெரியவில்லை என்றார். பிறகு என் வயிற்றில் இருந்த தழும்புகளைத் தொட்டு, “இது என்ன ஆபரேஷன்?” என்று மெதுவாகக் கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஊசி நிறுத்தி எத்தனை வருஷம்?”

“நாலு.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செருப்பு விழுந்த அன்றைக்கே வந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம், இப்போது வருகிறவரை வரட்டும் என்று மட்டும் சொன்னார். தினம் ஊசி, அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாசம் ஒன்று. கை விரல் நுனியில் உணர்ச்சி திரும்ப வந்தது, காலில் கணுக்கால் வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே வரவே இல்லை. ஏரிக்கரைக்கு நான் போவதில்லை. அந்தப் பெண்கள் இன்னும் போகிறார்கள். நான் சொன்ன வாக்கிங்கை நம்பி, அவர்களில் ஒருத்திகூட ஐந்து கிலோவுக்கு மேல் குறையவில்லை. எங்கே தப்பு செய்கிறோம் என்று என்னிடம் கேட்டபோது, இன்னும் ஒரு ரவுண்டு சேர்த்துப் போங்கள் என்று சொன்னவள் நான். போன மாசம் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். இருவர் அதற்கப்புறம் பேசுவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அண்ணியையும் உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். இப்போது மாத்திரைகள் சமையலறையில் வெளிப்படையாக, டப்பா டப்பாவாக இருக்கின்றன. இரும்புக்கு ஒரு அலாரம், கால்சியத்துக்கு ஒரு அலாரம், ரெண்டும் அண்ணியின் போனில். அடித்ததும் கீழேயிருந்தே, “போட்டியாம்மா?” என்று கத்துவார். தெருவே கேட்கும். மாசா மாசம் ஊசிக்கு அவர்தான் கூட வருகிறார், அதே தெரு கிளினிக்குக்கு, அதே தோழி நர்ஸிடம்.

போன வாரமும் ஊசிக்குக் கிளம்பினோம். மாடியிலிருந்து இறங்கி, வாசலின் ஆறு படிக்கு முன்னால் அண்ணி வழக்கம்போல என் கையைப் பிடித்தார். உங்ககிட்ட நான் அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருக்கணும் அண்ணி, மன்னிச்சிடுங்க என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. தெருவுக்கே கேட்கக் கத்துகிறவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்மா. உன்ன ஆபரேஷனுக்கு உள்ள இட்டுக்கினு போன ஒடனே தம்பி எனக்குத்தான் போன் போட்டான், அழுதுகினே. பயந்துட்டான். யாராண்டயும் சொல்லாதேன்னான். நான் என் வூட்டுக்காராண்ட கூட சொல்லல.”

“அப்புறம் ஏன் அண்ணி டாக்டர்கிட்ட பித்தப்பைன்னு சொன்னீங்க?”

“நீ சொல்லி வெச்சிருந்தத்தான் நானும் சொன்னேன். அந்தாளு கேட்டதும் உன் மூஞ்சி செத்துப்போச்சு. என்னை வெச்சிக்கினு சொல்ல உனக்கு அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன்.” அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “வயித்துல பண்ணதுக்கும் காலுக்கும் இன்னா சம்பந்தம்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? தெரிஞ்சிருந்தா உட்டிருப்பேனா?”

தெரிந்தவள் நான். ரெண்டு கோடு போட்ட காகிதம் என்னிடம்தான் இருந்தது. யாருக்குப் பயந்து ஒளித்தேனோ, அவர் ஐந்து வருஷம் வாயை மூடி என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அப்புறம் என் மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறந்திருக்கிறார். நான் ஒரே ஒருமுறை இல்லை என்று தலையாட்டியிருந்தால் போதும்.

அழுகை வந்துவிட்டது. படியில் நான் அழக்கூடாது. கண்ணீர் மறைத்தால் படி தெரியாது, காலுக்கோ எப்போதும் தெரியாது. ரெண்டு கையாலும் அண்ணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினேன்.

“தரை வந்துடுச்சா அண்ணி?” என்று கேட்டேன்.

“இன்னும் ஒண்ணு கீதும்மா,” என்றார்.