அம்மாவின் சாப்பாட்டுப் பைக்குள் என் போன்

விடியற்காலை ஆறு மணிக்குப் படுத்து மத்தியானம் எழுந்திருக்கிற பிள்ளையாக நான் இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை முதலில் சொல்லாவிட்டால், கர்த்தர் எனக்குச் செய்தது எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு விளங்காது.

எங்கள் ஊர் திருத்தங்கல். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றுதான் ராத்திரி முழிக்க ஆரம்பித்தேன். பரீட்சை முடிந்தது, முழிப்பு முடியவில்லை. போனில் ஒரு வீடியோ, அப்புறம் இன்னொன்று, சிநேகிதிகளோடு அரட்டை. கிழக்கு வெளுத்துவிடும். வகுப்பில் தூங்கிவழிவேன். பாதி நாள் பஸ்ஸை விட்டுவிடுவேன். வருகைப்பதிவு குறைந்துபோய்த் துறைத்தலைவர் கூப்பிட்டு எச்சரித்தார். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவளும் நான்தான், ஆராதனையில் கடைசி பெஞ்சில் கொட்டாவி விடுகிறவளும் நான்தான்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டுந்தான். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார்கள். அம்மா பெயர் செல்வமணி. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருடமாக வேலை. வெடிக்குழாய்க்குள் மருந்து செலுத்துகிற அறையில் இருந்தார்கள். பயப்பட வேண்டிய அறை அதுதான். அங்கே போன் கொண்டுபோகவே கூடாது. அதனால் அம்மாவின் பட்டன் போன் எப்போதும் வீட்டில்தான் கிடக்கும்.

"தூங்கு மகளே, கண்ணு கெட்டுப்போகும்" என்று அம்மா ஒரே அறையில் பக்கத்துப் பாயிலிருந்து சொல்வார்கள். "நீங்க தூங்குங்கம்மா. என்னைய விடுங்க" என்று வெடுக்கென்று சொல்லுவேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும்.

அம்மாவுக்கு நான் செய்த ஒரே உதவி, படுக்கப் போவதற்கு முன் அவர்கள் சாப்பாட்டுப் பையை எடுத்து வைப்பது. சோற்றுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், துவையல் டப்பா. அவ்வளவுதான்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. நல்ல சீசன். அன்று புதன்கிழமை, மத்தியானம் எனக்கு இன்டர்னல் தேர்வு. பதினொன்றே முக்காலுக்குப் போனில் அலாரம் வைத்தேன். சாதாரணச் சத்தத்துக்கு நான் எழும்ப மாட்டேன் என்று அலறுகிற மாதிரி ஒரு சத்தமாகப் பார்த்து வைத்தேன். அரைக்கண்ணில் பையைக் கட்டிக் கொடுத்தேன். கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. அம்மா போனார்கள். நான் விழுந்து படுத்தேன்.

திடீரென்று கரண்ட் போனது. மின்விசிறி நின்று, வியர்த்துக் கொட்டி எழுந்தேன். "தூங்க விட மாட்டானுக" என்று மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே போனைத் தேடினேன். இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகப் பத்து நிமிடம். எங்கேயாவது கிடக்கும், அடித்துப் பார்ப்போம் என்று அம்மாவின் பட்டன் போனை எடுத்து என் நம்பரை அழுத்தினேன். ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று ஒரு குரல் சொன்னது. போட்டுவிடச் சொல்லி அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான்தான் மறந்திருந்தேன்.

எரிச்சலோடு சமையல் மேடைக்குப் போனேன். அங்கே சார்ஜர் வயர் மட்டும் தொங்கியது. அதன் பக்கத்தில் துவையல் டப்பா இருந்தது. காலையில் பைக்குள் போயிருக்க வேண்டிய டப்பா.

டப்பாவும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. தூக்கக் கலக்கத்தில் டப்பா என்று நினைத்துப் போனை எடுத்துப் பைக்குள் போட்டிருக்கிறேன்.

ஐயோ! சீசன் அவசரத்தில் பெண்கள் சிலர் பையை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள், அம்மாவும் அப்படித்தான். என் அலாரம் அலறினால், மருந்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் பதறி எதையாவது தட்டிவிட்டால் போதும். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட அறை வெடித்தால், அதிலிருந்து யாரும் காயத்தோடுகூடத் தப்பி வருவதில்லை. கொஞ்சம் முன்னால் அந்தப் பட்டன் போனில் நான் அழுத்திய அழைப்பு போயிருந்தால்?

செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அச்சாபீசுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆறுமுகம் அண்ணாச்சி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க. எங்கம்மா பையில என் போன் போயிருச்சு. பதினொன்னே முக்காலுக்கு அடிக்கும்!"

அவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஏறு தாயி" என்றார். ஏறும்போதே அந்தக் கம்பெனியில் தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளைக்குத் தன் போனில் அடித்தார். எடுக்கவில்லை. "உள்ள எவன்ட்டயும் போன் இருக்காதுல்ல. கெட்டியாப் பிடிச்சுக்க" என்று முறுக்கினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் ஊர்ந்து வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அண்ணாச்சியின் கைக்கடிகாரத்தில் பதினொன்று பத்து. நான் நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவள், சபையில் எழுந்து ஐந்து நிமிடம் ஜெபிப்பேன். அன்று எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, அம்மாவை வெளிய கொண்டாந்துரும். அம்மாவை வெளிய கொண்டாந்துரும்" என்று மட்டும் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகையும் சளியுமாக இருந்தேன். அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். அவர் திரும்பிப் பார்த்து, "சொல்லு தாயி, விடாமச் சொல்லு" என்றார்.

கேட் திறந்தது. வண்டி பறந்தது. பாதி வழியில், "மணி எம்புட்டு அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் வண்டியை இன்னும் முறுக்கினார். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். வானத்தையே பார்த்தேன், எங்காவது புகை எழும்புகிறதா என்று.

கம்பெனி வாசலில் குதித்து இறங்கினேன். காவல்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"யாரும்மா நீ? உள்ள போகக் கூடாது."

"செல்வமணி மக. எங்கம்மா எங்க?"

"செல்வமணியா? அங்கன மரத்தடியில கெடக்கா, பாரு."

கெடக்கா என்றதும் எனக்கு உயிரே இல்லை. அவர் கைக்குக் கீழே புகுந்து ஓடினேன். அறைகளை எல்லாம் விட்டுத் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். தலைக்கு அந்தப் பை. பைக்குள்ளே என் அலாரம் கத்திக்கொண்டிருந்தது. அம்மா அசையவில்லை.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தார்கள். என்னையே திருதிருவென்று பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒனக்கு இன்னைக்குப் பரீட்சைல்ல?" என்று கேட்டார்கள்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சத்தம் கேட்டு மேற்பார்க்கிற அக்கா ஓடிவந்தார். பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. வாய்க்கு வந்தபடி என்னை ஏசினார். அத்தனையும் எனக்குத் தகும். பிறகு குரல் இறங்கிச் சொன்னார்:

"பத்தே முக்கால் இருக்கும். உங்கம்மா மருந்து முன்னாடி உக்காந்து தூங்கி விழுறா. ரெண்டு தரம் பாத்தேன். எல்லாரையும் கொல்லப் பாக்கியா, பையத் தூக்கிட்டுப் போய் மரத்தடியில படுன்னு விரட்டி விட்டேன். இம்புட்டு வருசத்துல அவ இப்படிச் சாஞ்சதே இல்ல. என்னத்துக்குடி ராத்திரி தூங்கலன்னு கேட்டேன். 'மக முழிச்சிருக்கா, எனக்கு எப்படிக்கா கண்ணு மூடும்'னா."

பக்கத்துப் பாயில் திரும்பிப் படுத்திருந்த அம்மா தூங்குகிறார்கள் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தவள் நான். அந்தக் கெட்டுப்போன தூக்கத்தைக் கொண்டே கர்த்தர் அம்மாவை வெளியே அழைத்து வந்திருக்கிறார். அதுவும் பத்தே முக்காலுக்கு. நான் ரயில்வே கேட்டில் நின்று கதறியது அதற்கு அப்புறம். கேட்கும் முன்பே கொடுத்துவிட்டார்.

அன்றைய தேர்வு போனது. அம்மாவை மருந்து அறையிலிருந்து மாற்றி லேபிள் ஒட்டப் போட்டார்கள். அதற்கும் நன்றி சொல்கிறோம்.

பிரியமானவர்களே, மறுநாளே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பத்து மணிக்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். "ஆண்டவரே, தூக்கம் தாரும்" என்று குழந்தை மாதிரி கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தார். இப்போது காலை ஆறு மணிக்குக் கண் தெளிந்து பை கட்டுகிறேன். துவையல் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் வைக்கிறேன். அம்மா சிரிக்கிறார்கள்.

என்னை மாதிரி படிக்கிற தம்பி தங்கைகளே, நீங்கள் ஒருவர்தான் முழித்திருப்பதாக நினைக்காதீர்கள். வெட்கப்படாமல் ஆண்டவரிடம் தூக்கத்தைக் கேளுங்கள். இரண்டு வார்த்தை போதும், அவர் கேட்கிறார்.

இப்போதெல்லாம் விளக்கை அணைத்துப் பத்து நிமிடம்கூட ஆகாது, பக்கத்துப் பாயில் அம்மா குறட்டை விட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.