பூட்டு இல்லாத பின்வரிசை

என் மாமனாருக்கு ஐந்து பெண்கள், கடைசியாக ஒரு பையன். மூத்தவளை எனக்குக் கட்டினார்கள். ஐந்தாவதைக் கட்டியவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்த வகையில் அவர் எனக்குச் சகலை. வயதைப் பார்த்தால் என் மகனாக இருக்கலாம். ஆனாலும் சகலை சகலைதான், வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அவர் என்னை அண்ணே என்பார். நடுவில் இன்னும் மூன்று சகலைகள் உண்டு. ஒருவர் தையல்கடை, ஒருவர் லாரி, ஒருவர் சும்மா இருப்பவர். இந்தக் கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை.

தேவைப்படுகிறவன் அந்தக் கடைசிப் பையன், எங்கள் மச்சினன். அக்காமார் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில் பிறந்ததால் வாய் திறக்க அவனுக்கு முறையே வரவில்லை. சோறு போதுமா என்று கேட்டால் தட்டை நகர்த்துவான். பெண் பார்க்கப் போன இடத்தில் பையன் ஊமையோ என்று பயந்துபோனார்கள். என் மனைவிதான் நடுவில் புகுந்து அவன் பேசவேண்டியதையும் சேர்த்துப் பேசி முடித்துக்கொடுத்தாள்.

சகலையும் மச்சினனும் ஒரே பஸ் பணிமனையில் வேலை. சகலை பிரேக் பகுதி, இவன் டயர் பகுதி. பணிமனைக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. பழைய பஸ்களை வரிசையாக நிறுத்திவைத்திருக்கும் மதிலுக்கு அந்தப் பக்கம் மைதானம். இரண்டு பேரும் அணியில் பின்வரிசை ஆட்கள், பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். அணியை நடத்தினவர் பணிமனை போர்மேன்.

சகலைக்கு அங்கே பெயர் பூட்டு. அவரைத் தாண்டிப் பந்து போகாது. அவர் பந்தை எடுத்தால் கூட்டத்தில் ஒருவன் "பூட்டியாச்சு" என்பான், இன்னொருவன் "சாவி யார்கிட்ட?" என்பான், சிரிப்பார்கள். இத்தனைக்கும் அவர் வேர்த்து விறுவிறுத்து ஓடி நான் பார்த்ததில்லை. நின்ற இடத்தில் நின்று வாயால் ஆடுகிற ஆள். வலது ரெண்டடி தள்ளு, விடு அவன் வெளியே போவான், உயரமா அடி. ஆட்டம் முடிகிறவரை ஓயாது. எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் ஒன்று: ஏறு. அவர் ஏறு என்றால் பின்வரிசை நாலு பேரும் ஒரே மூச்சில் முன்னால் ஏறிவிடுவார்கள். கோல்கீப்பர் போக நம் கடைசி ஆளையும் தாண்டி நின்று எதிராளி பந்து வாங்கினால் செல்லாது. ஆஃப்சைடு. இவர்கள் ஏறிய வேகத்தில் எதிராளி தனியே பின்னால் நிற்பான், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார். அந்த ஒரு சொல்லை வைத்தே பல வருஷம் ஓட்டினார்கள்.

அடிபட்டதும் பெரிய கதை இல்லை. யாரும் அவரைத் தொடவில்லை. பந்தைப் பார்த்துத் திரும்பினார், முழங்கால் திரும்பவில்லை. உட்கார்ந்துவிட்டார். எவனாவது உதைத்திருந்தால் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான் என்று அவர் மனைவி சொன்னாள். ஆஸ்பத்திரியில் கீறித் தைத்தார்கள். நடக்கலாம், மாடி ஏறலாம், ஆடுறதைப் பத்தி அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

தையல் போட்ட இடத்துக்குக் கீழே தோல் மரத்துப்போய்விட்டது. நாம் பேசும்போது அவர் கரண்டியால் அங்கே தட்டிக்கொண்டிருப்பார். ஆளே அப்படித்தான் ஆகியிருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். படுக்கச் சொன்னால் படுத்தார். வலிக்குதா என்றால், தெரியலை அண்ணே என்பார்.

போர்மேன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனுஷன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வாக்குக் கொடுத்தார்.

"உன் இடம் உனக்குத்தான். அஞ்சாம் நம்பர் சட்டையை வேற எவன் முதுகுலயும் நான் பார்க்கமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. மச்சினனை அந்த இடத்தில் நிறுத்தினார், ஆனால் அவனுடைய பழைய சட்டையோடு. பார்த்தவர்களுக்கு அவன் இடம் பிடித்து வைக்கிறவன் மாதிரி இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

முதல் ஆட்டத்தில் பழையபடியே ஏறிப் பார்த்தார்கள். ஏறு என்று சொல்ல ஆள் இல்லை. ஒருவன் ஏறினான், ஒருவன் நின்றான், ஒருவன் திரும்பி மச்சினனைப் பார்த்தான், மச்சினன் அவனைப் பார்த்தான். எதிராளி நடுவில் நடந்து போய் கோல் போட்டான். "பூட்டு உடைஞ்ச வீடுடா, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்று அவர்கள் பக்கத்திலிருந்து கேலி வந்தது.

அடுத்த ஆட்டத்தில் போர்மேன் எல்லோரையும் கீழே இறக்கினார். ஏறவே வேண்டாம், கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நில்லுங்கள் என்றார். கொடிக்கயிற்றில் ஒரு முனையை அவிழ்த்தால் மொத்தத் துணியும் தரைக்கு வரும் இல்லையா, அதுபோலத்தான். பூட்டு பின்னால் இருந்தவரை ஓரத்து ஆட்கள் இரண்டு பேரும் தைரியமாக முன்னால் ஓடிப் பந்து கொடுப்பார்கள். இப்போது அவர்களும் பின்னால். அவர்கள் ஓடாததால் நடுவில் இருந்தவர்கள் பந்தைத் தேடிப் பின்னால் வந்தார்கள். முன்னால் கோல் போடுகிற கண்டக்டர் ஒற்றை ஆளாக நின்றான். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி இருக்குண்ணே என்று என்னிடம் சொன்னான். கால் போனது ஒருவருக்கு, ஆட்டம் மாறியது பத்து பேருக்கு. அதிலும் தோற்றார்கள்.

அதற்குமேல் தோற்றால் ஊர் லீக்கில் இரண்டாம் பிரிவுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் அணியைக் கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. போர்மேன் ஒரு யோசனை செய்தார். கால்தானே போச்சு, வாய் இருக்கே. சகலையை மைதானத்துக்கு அழைத்து வந்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நிழல் இருந்தது பம்ப் ரூம் பக்கம் மட்டும், ஒரு கோலுக்கு அருகே. ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவர் அங்கிருந்து கூப்பிட ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் பாதியில் எங்கள் கோல் அந்தப் பக்கம். பின்வரிசை நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கோல்கீப்பர் மடியில் ஏறாத குறை. ஏறுங்கடா என்று கத்தினார். அசைவார்கள், திரும்ப வந்துவிடுவார்கள். கோல்கீப்பர் கேன்டீனில் சமையல்காரர், வாய்க்கு வந்த திட்டையெல்லாம் அவர்கள் முதுகில் கொட்டினார். இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது சகலை எதிராளி கோல் அருகே. அதே நாலு பேர் மைதானத்தின் நடுக்கோட்டையும் தாண்டி ஏறி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் திருவிழாத் தெரு மாதிரி இடம் காலி. எதிராளி அதில் சாவகாசமாக ஓடினான்.

சகலைக்குத் தாகம் எடுத்தது. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, கூப்பிட்டுக்கொண்டே, கோட்டோரமாகக் குழாய் இருக்கிற மறுகோடிக்கு நடந்தார். அவர் நடக்க நடக்கப் பின்வரிசையும் அவரோடு கீழே இறங்கியது. அவர் நின்றார். அவர்களும் நின்றார்கள். அவர் நாலடி திரும்பி வந்து ஒரு குரல் கொடுத்தார். அவர்கள் நாலடி ஏறினார்கள்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. இத்தனை வருஷமும் அவர்கள் அவர் சொன்னதைக் கேட்டு நிற்கவில்லை. குரல் எங்கேயிருந்து வருகிறதோ அதற்கு நேராக, காதை வைத்தே நின்றிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்ததே கிடையாது. பார்க்கத் தேவையிருந்ததில்லை. அவர்களுக்கே தெரியாத பழக்கம் அது. அவருக்கும் தெரியாது.

சகலை வாயை மூடிக்கொண்டார். ஆட்டம் முடிகிறவரை திறக்கவில்லை. நல்ல காலம், எதிராளி கால் தவறிப் பந்தை வெளியே அடித்ததில் சமமாக முடிந்தது. கடைசி ஆட்டம் ஒன்று பாக்கி. அதிலும் சமம் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

விஷயத்தைக் கேட்ட போர்மேன் கவலைப்படவில்லை, குஷியானார். டயர் தள்ளுகிற வண்டியில் பூட்டை உட்காரவைத்து, கோட்டோரமாக ஆள் வைத்துத் தள்ளுவோம், எங்கே வரிசை நிற்கவேண்டுமோ அங்கே நிறுத்துவோம் என்றார். வண்டிக்கு எண்ணெய்கூடப் போட்டுவிட்டார். லீக் நடத்துகிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஓரத்தில் லைன்ஸ்மேன் ஓடுகிறார், அவர் மேல் வண்டி ஏறினால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் எல்லோரும் சகலை வீட்டில் இருந்தோம். மச்சினன் வாசல்படியில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். சகலை கரண்டியை வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் வரலை. அஞ்சாம் நம்பர் சட்டையை நீ போட்டுக்க. போர்மேன்கிட்ட சொல்லிட்டேன்."

அவன் துடைப்பதை நிறுத்தினான். "அது உங்களது மாமா. நீங்க திரும்பி வரணும்."

"வருவேனான்னு தெரியலை. நான் அங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவனுங்க உன் பக்கம் காது குடுக்கமாட்டானுங்க."

"எனக்குக் கத்த வராது."

அவன் அக்கா உள்ளேயிருந்து, எங்க அஞ்சு பேருக்கும் வந்தது உனக்கு மட்டும் எப்படிடா வராமப் போகும் என்றாள். எல்லோரும் சிரித்தோம். சகலை சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை, பஸ் போன பிறகு இருக்கிற ரோடு மாதிரி.

மறுநாள் எல்லோரும் மைதானத்துக்குப் போனார்கள். நானும் அவர் மனைவியும் மட்டும் அவரோடு வீட்டில் இருந்தோம். மதிலுக்கு இந்தப் பக்கம்தான் பணிமனைக் குடியிருப்பு, ஜன்னலைத் திறந்தால் சத்தம் கேட்கும். அவர் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் இரைந்தது. "கார்னர்" என்றார், தலை நிமிராமல். கொஞ்சம் கழித்து, "எடுத்துட்டாங்க" என்றார்.

பிறகு ஒரு குரல் கேட்டது. மெல்லிசாக, நடுவில் உடைந்து உடைந்து. யார் அது என்றேன். அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார்.

"நம்ம பையன்தான், அண்ணே."

அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். கூடப் பிறந்தவன் கத்தி அவள் அதுவரை கேட்டதில்லை. அவன் ஏறு என்று சொல்லவில்லை. ஆள் ஆளாகப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கட்டை, இங்க வா. டீசல், நில்லு, போகாதே. கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, அதட்டுகிற மாதிரியும் இருந்தது.

சகலை தலையைச் சாய்த்துக் கேட்டார். "தப்புப் பண்றான். இது ஏற வேண்டிய நேரம். இறக்கறான்" என்றார். ஊன்றுகோலில் கை போனது. கட்டிலிலிருந்து பாதி எழுந்தார். மைதானம் அடங்கிக் கிடந்தது. கோல் விழுந்தால் அப்படி இருக்காது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் பாதி எழுந்தபடி இருந்தார். பிறகு உட்கார்ந்தார். இன்னொரு தடவை இரைச்சல் வந்தது, அதுவும் ஒன்றுமில்லாமல் அடங்கியது. அந்தக் கீச்சுக்குரல் மட்டும் நிற்கவில்லை. போகப் போக அவர் எதுவும் திருத்திச் சொல்லவில்லை.

விசில் ஊதினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் தகரத்தைத் தட்டினார்கள். சமம். பிழைத்துக்கொண்டார்கள்.

மச்சினன் சேறோடு வந்தான். தொண்டை சுத்தமாகப் போயிருந்தது, காற்றுதான் வந்தது. வரிசை எங்கே நின்றது என்று சகலை கேட்டார். அவன் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, விரலால் தரையிலேயே கோல் வரைந்தான், அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தான். பழைய இடத்துக்கு ரொம்பக் கீழே. ஓரத்து ஆட்கள் போகவே இல்லையா என்றார். இல்லை என்று தலையாட்டினான்.

"அசிங்கமான ஆட்டம் மாமா" என்றான், காதருகே வந்து. "நீங்க வந்ததும் பழையபடி மேல ஏத்திடலாம்."

சகலை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் அது சரியாகத் தெரியக்கூட இல்லை, விரல் ஈரம்தான்.

"வேணாம். அங்கேயே நிக்கட்டும். உன் குரல் அதுவரைக்கும்தான் எட்டுது."

அவன் ஏதோ சொல்ல வந்தான், காற்றுதான் வந்தது. சகலை மனைவியைப் பார்த்து, அவனுக்கு வெந்நீர் வை, தொண்டைக்கு உப்புப் போட்டுக் கொடு என்றார். பிறகு என்னிடம் திரும்பி, திங்கட்கிழமையிலிருந்து உதிரிபாகக் கிடங்கில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், உட்கார்ந்த வேலைதான், போகிறேன் அண்ணே என்றார். நல்லது என்றேன்.